எட்டாவது விநாடி

பதினான்காவது வாரம்

"அந்த டாக்டர் ஏன் உட்காரவே இல்லை?"

இருபத்தேழு வருஷங்களுக்கு முன், ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில், ஏழு வயதுப் பையன் ஒருவன் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட்ட கேள்வி இது.

உள்ளே கட்டிலில் அவனுடைய அம்மா படுத்திருந்தாள். டாக்டர் வந்தார். கதவுக் குமிழில் ஒரு கையை வைத்தபடியே நின்றார். நின்றபடியே நாலு வார்த்தை சொன்னார். அம்மா, "டாக்டர், ஒரு விஷயம்…" என்று தலையைத் தூக்கினாள். "சாயங்காலம் பேசலாம்மா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. அதில் யாரும் உட்காரவில்லை.

சாயங்காலம் வேறொரு டாக்டர் வந்தார். மறுவாரம் அம்மா இல்லை. அவள் என்ன கேட்க நினைத்தாள் என்பது அந்த வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அப்பா பஸ் ஓட்டிப் பிழைத்தவர். "அவருக்கு வேலை ஜாஸ்திடா" என்றார். "உட்கார்ந்தா வேலை ஆகாதா?" என்றான் பையன். அன்றிலிருந்து வீட்டில் அவனுக்குக் 'கேள்வி' என்றே பெயர்.

கேட்டவன் வளர்ந்து டாக்டரானான். அவனுடைய அக்கா அதே கேள்வியை வேறு பக்கத்திலிருந்து பிடித்துக்கொண்டாள். டாக்டர்கள் நோயாளிகளிடம் எப்படிப் பேசுகிறார்கள், அதனால் சிகிச்சை எந்த அளவுக்கு நன்றாக அமைகிறது, பேச்சுக்கென்று பயிற்சி கொடுத்தால் மாறுமா என்று ஆராய்வது அவள் வேலை. தம்பி வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில், சம்மதித்த இருபத்திரண்டு டாக்டர்களின் கோட்டுப் பையில் விரல் நீள ரெக்கார்டர் ஒன்றை வைத்து, ரவுண்ட்ஸில் நடக்கும் பேச்சைப் பதிவு செய்து வருகிறாள். பதிவுகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். நோயாளி வீட்டுக்குப் போகும் நாளில் போய் நாலு கேள்வி கேட்பாள். நாலாவது கேள்வி எப்போதும் இதுதான்: "நீங்க டாக்டர்கிட்ட கேட்க நினைச்சுக் கேட்காம விட்டது ஏதாவது இருக்கா?"

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

போன வாரம் நாற்பத்தொன்றாம் எண் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவள் கை அப்படியே நின்றுவிட்டதைப் பார்த்தோம். எண்ணுக்குப் பின்னால் இருந்த குரல் அவள் தம்பியுடையது. நோயாளி, ஏழாம் வார்டு பன்னிரண்டாம் கட்டிலில் இருக்கும் தையல்காரம்மா.

தையல்காரம்மாவின் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்ததால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். நாலாவது நாள் வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து மயங்கி விழுந்தார். கைப்பையில் முட்டி வலி மாத்திரை அட்டை ஒன்று பாதி காலியாக இருந்தது. இரண்டு மாத்திரையும் ஒன்றோடொன்று சேரவே கூடாதவை.

கேஸ் ஷீட்டில் 'வேறு மருந்துகள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. அது ஏழாம் வார்டின் மூத்த நர்ஸின் கையெழுத்து; நோயாளியிடம் சரிபார்த்து அந்த இடத்தை நிரப்புவது அவர் பொறுப்பு. அவரை வார்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை இன்று மாலை நாலு மணிக்கு.

*

"டீ ஆறிப்போச்சுடா கேள்வி."

"அப்பா, எனக்கு முப்பத்திநாலு வயசாகுது. ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி 'கேள்வி இருக்கானா'ன்னு கேட்காதீங்க. நேத்து அந்த ஆபரேட்டர் பொண்ணு பேப்பரும் பேனாவுமா உட்கார்ந்துட்டா."

அப்பா சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. ரொட்டித் துண்டைப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தான்.

அக்கா எதிரில் உட்கார்ந்து தன் பையிலிருந்த தாள்களை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ண வேண்டிய அவசியமே இல்லை. தம்பியின் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

"நான் கேட்டேன்க்கா" என்றான் அவன், யாரும் எதுவும் கேட்காமலே. "வேற மாத்திரை சாப்பிடறீங்களான்னு கேட்டேன். அந்தம்மா இல்லைன்னாங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"சரி."

"என்ன சரி? நம்பலையா நீ?"

"நம்பறேன்டா. உனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்குன்னு நம்பறேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் தாள்களுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டாள். நாற்பத்தொன்றாம் பதிவைக் கேட்டதாகக்கூட அவனிடம் சொல்ல அவளுக்கு உரிமை இல்லை. இன்னார் பதிவு இது என்று தெரிந்தாலும் தெரியாதவளாக இருப்பேன் என்று இருபத்திரண்டு பேருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டில் பஸ் ஒன்று தப்பான பக்கம் திரும்பப் போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பேச்சை மாற்றினார்.

"நேத்து நான் என் பிரஷர் டாக்டர்கிட்ட போனேன். கடகடன்னு என்னமோ சொன்னார். புரிஞ்சுதான்னு கேட்டார். புரிஞ்சுதுன்னேன்."

"என்ன புரிஞ்சுது?" என்றான் தம்பி.

"யாருக்குத் தெரியும்? அவர் எழுந்துக்கிற மாதிரி கேட்டார். நானும் எழுந்துக்கிற மாதிரி சொல்லிட்டேன்."

"அப்பா! திரும்பக் கேட்க வேண்டியதுதானே?"

"வெளியில முப்பது பேர் உட்கார்ந்திருக்கான்டா. நான் கேட்டுட்டு நின்னா, பின்னாடி ஹாரன் அடிக்கிற மாதிரியே இருக்கு."

தம்பி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். வாசலில் ஷூ மாட்டும்போது முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னான்: "சிஸ்டர் நல்லவங்கதான். ஆனா எழுதினது அவங்க. நான் என்ன பண்ண முடியும்?"

கதவு சாத்திக்கொண்டது.

*

சொல்லக் கூடாது. சரி. ஆனால் டாக்டர்கள் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவத்தில் ஆறாவது வரி ஒன்று இருந்தது. பதிவில் பங்கெடுத்த டாக்டர் விரும்பினால் தன் பதிவைத் தானே கேட்கலாம்.

அதை ஒருவருக்கு மட்டும் நினைவூட்டினால் அது காட்டிக்கொடுப்பது. இருபத்திரண்டு பேருக்கும் நினைவூட்டினால் அது ஆய்வு வேலை. விடிவதற்கு முன்பே எழுந்து ஜெபம் செய்துவிட்டு அக்கா கண்டுபிடித்த வழி இதுதான். இருபத்திரண்டு தாள்களிலும் ஒரே வாசகம்: 'உங்கள் பதிவைக் கேட்க விரும்பினால் இன்று மூன்றரை மணிவரை பதிவறை திறந்திருக்கும்.'

ஐந்து மாடி. லிப்ட் வரும் வழியாகத் தெரியவில்லை. அவள் கீழிருந்து தொடங்கினாள்.

"டேப் அக்கா வந்தாச்சு. எல்லாரும் வாயைக் கழுவிக்குங்க!" என்றார் எலும்பு டாக்டர். ஆஸ்பத்திரியில் அவளுக்கு அதுதான் பெயர். "என்னது, நான் பேசினதை நானே கேட்கணுமா? என் பொண்டாட்டியே கேட்க மாட்டேங்கறா."

"விருப்பம் இருந்தா மட்டும் டாக்டர்."

குழந்தைகள் டாக்டர் தாளை வாங்கிக் கோட்டில் செருகிக்கொண்டார். "என் டேப்புல அழுகையைத் தவிர ஒண்ணும் இருக்காதும்மா. பாதி அழுகை அம்மாக்களோடது."

தோல் டாக்டர் படிக்காமலே மடித்துப் பல் குத்தினார்.

மாடி வரிசைப்படி தம்பி பத்தொன்பதாவது ஆள். முதலில் அவனிடம் ஓடிவிட்டு மற்றவர்களிடம் போயிருக்கலாம். அவள் போகவில்லை. பதினெட்டுப் பேருக்கும் நின்று பதில் சொல்லிவிட்டே ஏழாம் வார்டுக்கு ஏறினாள்.

அவன் மேஜையில் இல்லை. தாளை அவன் ஸ்டெதாஸ்கோப்புக்குக் கீழே வைத்துவிட்டு, வாசகத்தை ஒருமுறை தானே படித்துப் பார்த்தாள். ஒரு சொல்கூட அதிகம் இல்லை. இதற்கு மேல் கடவுள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

*

பன்னிரண்டு மணிக்குத் தலைமை மருத்துவர் கூப்பிட்டனுப்பினார்.

அவர் அறையில் ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. மேஜை மேல் கேஸ் ஷீட்டின் நகல். 'இல்லை' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"அன்னிக்கு ஏழாம் வார்டு ரவுண்ட்ஸ் உங்க டேப்புல இருக்குமில்ல?"

"எந்த நாள் யாரோட பதிவு இருக்குன்னு நான் சொல்ல முடியாது டாக்டர்."

"நான் உங்க தம்பியைப் பத்திக் கேட்கல. நர்ஸைப் பத்திக் கேட்கறேன். இருபத்தாறு வருஷ சர்வீஸ். அந்தம்மா மேல தப்பு இல்லைன்னா, அதை நிரூபிக்கறது உங்க டேப் பெட்டிக்குள்ள இருக்கு. பூட்டி வெச்சுட்டு நீங்க நிம்மதியாத் தூங்கறீங்களா?"

"டாக்டர்கள் என்னை நம்பித்தான் பையில வெச்சுக்கிட்டாங்க. ஒரு தடவை எடுத்துக் கொடுத்தா, அப்புறம் ஒருத்தரும் நோயாளிகிட்ட பேச மாட்டாங்க. டேப்புக்குத்தான் பேசுவாங்க."

"நல்லா பேசறீங்க." அவர் நாற்காலியில் சாய்ந்தார். "திங்கட்கிழமை பெட்டியோட வாங்க. இல்லைன்னா இந்த ஆய்வு இந்தக் கட்டடத்துல நடக்காது. மூணு வருஷ உழைப்பு. யோசிச்சுக்குங்க."

வெளியே வந்தவள் படிக்கட்டின் நடுவில் நின்றாள். தலைமை மருத்துவர் மேல் கோபம் வந்தால் சுலபமாக இருந்திருக்கும். வரவில்லை. அவர் கேட்டதில் பாதி நியாயம்தான். நான் பெட்டியைத் தர மறுப்பது கொடுத்த வாக்குக்காகவா, தம்பிக்காகவா?

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தக் கேள்வியைத் தன்னிடமே மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் பதில் ஒரே மாதிரி வரவில்லை.

*

மூத்த நர்ஸைத் துணி அறையில் போட்டிருந்தார்கள். உயிர்களைக் காக்க மல்லுக்கட்டிய கை படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தது. மூலையோடு மூலை, ஒரு நூல் பிசகாமல்.

"வாம்மா. இந்த முனையைப் பிடி."

அக்கா பிடித்தாள். இரண்டு பேருமாக ஒரு விரிப்பை மடித்தார்கள்.

"சிஸ்டர், நாலு மணிக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"எழுதினது நான்தான்னு சொல்வேன். வேற என்ன இருக்கு?"

"வேற ஒண்ணுமே நடக்கலையா?"

நர்ஸ் அடுத்த விரிப்பை உதறினார். "ரவுண்ட்ஸ்ல ஆயிரம் பேச்சு இருக்கும். எல்லாத்தையும் போய்க் கொட்டினா டாக்டர் தம்பிக்குத்தான் சிக்கல். சின்ன வயசு. அவர் பொய் சொல்லலம்மா. அவருக்கு ஞாபகமே அப்படித்தான் உட்கார்ந்திருக்கு. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான். அவருக்கு முப்பது வருஷம் இருக்கு."

"அதுக்காக நீங்க…"

"முனையை நேராப் பிடி."

பதிவில் நர்ஸின் குரலும் இருந்தது. அந்தக் குரல் என்ன சொன்னது என்று அக்காவுக்குத் தெரியும். அதைத்தான் இவர் விசாரணையில் சொல்லப் போவதில்லை. அக்கா முனையை நேராகப் பிடித்தாள். கண்ணைத் துடைக்கக் கை காலியாக இல்லை.

*

அதே நேரத்தில் தம்பி ஏழாம் வார்டில் ரவுண்ட்ஸை முடித்துக்கொண்டிருந்தான். ஸ்டெதாஸ்கோப்புக்குக் கீழே இருந்த தாளை ஒரு பார்வை பார்த்துக் கசக்கிப் பையில் போட்டிருந்தான். நான் என்ன பேசினேன் என்று எனக்குத் தெரியாதா?

ஒன்பதாம் கட்டிலில் ஒரு தச்சர்.

"நாளைக்குக் காலையில வயித்துக்குள்ள சின்னக் குழாய் விட்டுப் பார்க்கறோம். இன்னிக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல எதுவும் சாப்பிடக் கூடாது. எல்லாம் சரியா இருந்தா நாளான்னிக்கு வீட்டுக்கு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டாக்டர்."

பத்தாம் கட்டிலுக்கு நகர்ந்தான். நகர்ந்தவன் நின்றான். காலையில் அப்பா சொன்னது முதுகில் வந்து இடித்தது. எழுந்துக்கிற மாதிரி கேட்டார். நானும் எழுந்துக்கிற மாதிரி சொல்லிட்டேன்.

திரும்பி வந்தான். "ஐயா, நான் என்ன சொன்னேன்னு நீங்க ஒரு தடவை சொல்லுங்க."

தச்சர் முகம் மலர்ந்தது. "நாளைக்கு வீட்டுக்குப் போலாம்னீங்க. பையனுக்கு போன் பண்ணிட்டேன். காலையில வண்டி எடுத்துக்கிட்டு வரான்."

"குழாய் விட்டுப் பார்க்கணும்னு சொன்னேனே?"

"குழாயா?" தச்சர் தன் வயிற்றைப் பார்த்தார், பிறகு டாக்டரைப் பார்த்தார். "எனக்கா?"

தம்பி நிமிர்ந்தான். எதிர்வரிசையில், பன்னிரண்டாம் கட்டிலில், நேற்றுத்தான் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து திரும்பிய தையல்காரம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். விசாரணைக் குழு தாளைப் பார்த்தது, நர்ஸைக் கேட்கப் போகிறது, டாக்டரைக் கேட்கப் போகிறது. அந்த அம்மாவை இதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவன் பையில் கை விட்டுக் கசங்கிய தாளைத் தேடினான்.

*

பதிவறை என்பது முன்பு எக்ஸ்ரே படங்களை அடுக்கி வைத்திருந்த சந்து போன்ற சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு ஹெட்போன், ஒரு நாற்காலி.

மணி மூன்று ஐந்து. கதவில் தம்பி நின்றான். காலையிலிருந்து வந்தவர்கள் மூன்றே பேர். இவன் நாலாவது.

"கேட்கணும்" என்றான்.

மற்ற மூவருக்கும் செய்ததையே அக்கா இவனுக்கும் செய்தாள். பதிவேட்டில் கையெழுத்து வாங்கினாள். உறையைப் பிரித்து எண்ணைச் சரிபார்த்தாள். நாற்பத்தொன்று. ஹெட்போனை எடுத்துக் கொடுத்தாள்.

"கேட்கிறவங்க தனியாத்தான் கேட்கணும். நான் வெளியில இருக்கேன்."

"அக்கா…"

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

கதவைச் சாத்திவிட்டு அவள் வராந்தாவில் சுவரோரம் நின்றாள். உதடு அசையாமல் வேண்டிக்கொண்டாள். அவன் ஜெயிக்க வேண்டும் என்றோ, நர்ஸ் தப்ப வேண்டும் என்றோ அவள் கேட்கவில்லை. உள்ளே இருக்கிறவனை அவனுடைய ஏழு வயதிலேயே வைத்திரு என்று மட்டும் கேட்டாள்.

உள்ளே தம்பி தன் குரலைக் கேட்டான். அவன் நினைத்திருந்ததைவிட வேகமான குரல்.

"வேற மாத்திரை எதுவும் சாப்பிடறது இல்லையேம்மா?"

"அது வந்து டாக்டர்… தையல் மிஷினை மிதிச்சு மிதிச்சு… முட்டிக்கு நான் ஒரு…"

"முட்டி வலியை அப்புறம் பார்க்கலாம். இப்ப நெஞ்சு படபடப்பு எப்படி இருக்கு? சிஸ்டர், வேற மருந்து இல்லை. எழுதிக்குங்க."

பிறகு, தாழ்ந்த குரலில், நர்ஸ்: "டாக்டர், அவங்க ஏதோ சொல்ல வந்தாங்க போல…"

"இன்னும் பதினாலு பேர் இருக்காங்க சிஸ்டர்."

பேனா கீறும் ஓசை. அதற்கு முன்னால், தொடக்கத்திலேயே, தரையில் இரும்புக்கால் தேயும் ஓசை ஒன்று. முதலில் அது என்னவென்று அவனுக்குப் பிடிபடவில்லை. திரும்பப் போட்டுக் கேட்டான். புரிந்தது. நிற்க இடம் வேண்டி, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் காலால் தள்ளியிருக்கிறான்.

மூன்றாம் முறை கேட்டபோது கடிகாரத்தைப் பார்த்தான். தையல்காரம்மா வாயைத் திறந்ததிலிருந்து அவன் குறுக்கே பேசியதுவரை எட்டு விநாடி. 'இல்லை' என்று அவர் சொல்லவே இல்லை. அந்தச் சொல்லைச் சொன்னவன் அவனேதான்.

ஹெட்போனைக் கழற்றி வைத்தான். நர்ஸின் தாழ்ந்த குரல் மட்டும் காதைவிட்டுப் போகவில்லை. அந்தத் தொனி அவனுக்குப் பழக்கமானது.

இது அக்காவுக்குக்கூடத் தெரியாத கதை. மூன்று வருஷத்துக்கு முன், இந்த வார்டுக்கு வந்த புதிதில், ஒரு மருந்தின் அளவில் புள்ளியை இடம் மாற்றி வைத்துவிட்டான். பத்து மடங்கு. அடுத்த ஐந்தாவது நிமிஷம் இதே நர்ஸ் கேஸ் ஷீட்டோடு வந்து நின்றார். சுற்றிலும் பெரிய டாக்டர்கள். "டாக்டர், இப்பல்லாம் என் கண்ணு சரியாத் தெரியறதில்ல. இந்த எண்ணைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்றீங்களா?" வாசித்தான். வாய் பாதியில் நின்றது. திருத்தினான். "தேங்க்ஸ் டாக்டர், இப்ப தெளிவாத் தெரியுது" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கும் கண் அவருடையது. பிழைத்தது ஒரு உயிர் மட்டும் இல்லை, அவன் பெயரும்தான். அதை நினைவூட்டுகிற மாதிரி அவர் அதற்குப் பிறகு ஒரு பார்வைகூடப் பார்த்ததில்லை. அவனும் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான்.

"இதை அழிச்சிட முடியுமா?"

இந்தக் கேள்வி வரக்கூடும் என்று எதிர்பார்த்துத்தான் அவள் ராத்திரி படிவத்தை மறுபடி வாசித்திருந்தாள்.

"முடியும். பதினோராவது வரி. பங்கெடுத்தவர் எப்ப வேணாலும் விலகிக்கலாம். நீ கையெழுத்துப் போட்டா நான் அழிச்சாகணும்."

"அப்புறம்?"

"அப்புறம் அப்படி ஒரு பதிவே கிடையாது."

விலகல் படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். பக்கத்தில் பேனா.

"நீ என்ன பண்ணச் சொல்ற?"

"நான் எதுவும் சொல்லக் கூடாது."

"டேப் அக்காவை நான் கேட்கல. எங்க அக்காவைக் கேட்கறேன்."

அவள் கண்ணில் நீர் நிறைந்தது. "உங்க அக்கா சொல்லிட்டா, நீ காலம் பூரா அவ சொன்னதாலதான் செஞ்சேன்னு நினைச்சுக்குவடா. வேண்டாம்."

அவன் பேனாவை எடுத்தான். திருப்பி வைத்தான். பிறகு படிவத்தை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, படிக்கட்டை நோக்கி நடந்தான். மணி மூன்று நாற்பது.

*

நாலு மணிக்கு நர்ஸை முதலில் உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே பெஞ்சில் தம்பி. சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தொட்டது. ஐந்தேகாலைத் தொட்டது.

கதவு திறந்தபோது நர்ஸ் தலை நிமிர்ந்துதான் வந்தார். ஆனால் நெஞ்சில் குத்தியிருந்த வார்டு அட்டையைக் காணவில்லை. அவனைக் கடந்து போகும்போது, "டீ குடிச்சீங்களா டாக்டர்? முகம் வாடியிருக்கு" என்றார்.

அவன் எழுந்து நின்றான்.

பின்னாலேயே குமாஸ்தா வந்தார். "இன்னிக்கு நேரமாயிடுச்சு டாக்டர். உங்களைத் திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கேட்பாங்க. பயப்படாதீங்க, உங்களுக்கு ஒண்ணும் இல்ல. அந்தம்மா எல்லாத்தையும் தன் தலையில போட்டுக்கிட்டாங்க."

இரண்டு நாள். இரண்டு நாளில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

கீழே பஸ் நிறுத்தத்தில் அக்கா நின்றிருந்தாள். கைப்பையில் பெட்டியின் சாவி. அப்பா போன் செய்தார். "கேள்வி எங்கம்மா? போனை எடுக்க மாட்டேங்கறான்."

"தெரியலப்பா."

"என்ன பண்ணப் போறான்?"

"அதுவும் தெரியலப்பா" என்றாள். இரண்டு பஸ் வந்து போயின. அவள் ஏறவில்லை.

*

மணி ஆறு. பார்வையாளர்கள் வரும் நேரம். ஏழாம் வார்டின் இரண்டு நர்ஸ்களும் அந்தக் கோடியில், கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டாம் கட்டிலுக்கு மட்டும் யாரும் வரவில்லை.

தம்பி வந்தான். திரையை இழுத்துவிட்டான். ஸ்டூலைக் கையால் தூக்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, தையல்காரம்மாவின் கண்கள் தன் கண்களுக்கு நேராக இருக்கின்றன என்று.

"என்ன டாக்டர், மறுபடி ஏதாவது கெட்ட சேதியா?"

"இல்லம்மா. அன்னிக்கு நீங்க முட்டிக்குன்னு ஆரம்பிச்சீங்க. நான் நடுவுல புகுந்துட்டேன். என் தப்பு. அதை இப்ப முழுசாச் சொல்லுங்க."

"இப்ப எதுக்கு? அதான் ஆயிடுச்சே."

"எனக்குக் கேட்கணும்மா."

அந்த அம்மா சொன்னார். பள்ளிச் சீருடை தைக்கும் மாசம். முட்டி வீங்கி மிதிக்க முடியவில்லை. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி ஒரு நாளைக்கு மூன்று. இங்கேயும் பையில் வைத்திருக்கிறேன், தொடர்ந்து போடலாமா என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். நீங்கள் அவசரத்தில் இருந்தீர்கள்.

"போடாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தூக்கிப் போட்டிருப்பேன் டாக்டர். நான் என்ன அடம்பிடிக்கிறவளா?"

"இல்லம்மா."

"அந்த சிஸ்டரைக் காணோமே. விழுந்த அன்னிக்கு என் கையை விடவே இல்லை அவங்க. வருவாங்களா?"

"வருவாங்க" என்றான். சொன்ன பிறகுதான், அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கே தெரிந்தது.

எல்லாவற்றுக்குமாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அன்று அவனுடைய அம்மாவுக்கும் அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும்.

நர்ஸ்களின் மேஜையில் ஆள் இல்லை. விசாரணைக் குழு நகலைத்தான் எடுத்துப் போயிருந்தது. சிகிச்சை நடப்பதால் அசல் கேஸ் ஷீட் வார்டிலேயே இருந்தது. பன்னிரண்டாம் எண்ணை உருவினான். 'இல்லை' என்ற சொல் இருந்த பக்கத்தை அவன் தொடவில்லை. அடுத்த வெற்றிடத்தில் இன்றைய தேதியும் நேரமும் போட்டு, பிற்பதிவு என்று தலைப்பிட்டான்.

'நோயாளி தான் சாப்பிடும் வேறு மாத்திரை பற்றிச் சொல்லத் தொடங்கினார். நான் குறுக்கிட்டு நிறுத்தினேன். இல்லை என்று எழுதச் சொன்னது நான். நோயாளி ஏதோ சொல்ல வருகிறார் என்று நர்ஸ் அப்போதே எனக்கு நினைவூட்டினார். நான் கேட்கவில்லை.'

கையெழுத்துப் போட்டான். பையிலிருந்த விலகல் படிவத்தை எடுத்து இரண்டாகக் கிழித்து, மேஜைக்குக் கீழே குப்பைக்கூடையில் போட்டான்.

கேஸ் ஷீட்டை அதன் இடத்தில் செருகும் முன் ஒருமுறை விரித்துப் பார்த்தான். அவன் எழுத்து எப்போதும் கோழி கிளறியது போல இருக்கும். வார்டு முழுக்க அதை வைத்துச் சிரிப்பார்கள். இன்று அவன் எழுதியிருந்த ஐந்து வரியும், கண் சரியாகத் தெரியாதவர்கள்கூட யாரையும் கேட்காமல் வாசித்துக்கொள்ளும்படி, பெரிது பெரிதாக, ஒவ்வொரு எழுத்தாக, அத்தனை தெளிவாக இருந்தன.